அம்மாவின் ஒப்பரேஷனுக்கு முன் இந்தச் சலப்பை டெஸ்ட் வேண்டுமா?

தங்கச்சி, உங்கள் கேள்வி நீளமாக இருந்தது. வாசிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று முதலில் அதைச் சுருக்கிவிடுகிறேன். உங்கள் அம்மாவுக்கு 61 வயது. வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி ஃப்ளாட். நாலு பிள்ளை பெற்றவர், அதில் மூத்தது ஆயுதம் போட்டு எடுத்த பிள்ளை. 12 வருடமாகச் சீனி வருத்தம், பிரஷரும் இருக்கிறது. இருமினால், சிரித்தால், அரிசிப் பையைத் தூக்கினால் சலம் கசிகிறது. தனியாரில் பார்த்த டொக்டர் ‘ஸ்லிங்’ ஒப்பரேஷன் செய்யலாம், ஆனால் அதற்கு முன் சலப்பை நிரம்புவதையும் வெளியேற்றுவதையும் அளக்கும் யூரோடைனமிக்ஸ் என்ற டெஸ்ட் கட்டாயம் என்றார். இரண்டாவதாகக் கேட்ட டொக்டர், இருமும்போது கசிவதற்கு அந்த டெஸ்ட் தேவையில்லை, நேரே செய்யலாம் என்றார். கீழே டியூப் போடுவார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அம்மா டெஸ்டும் வேண்டாம், ஒப்பரேஷனும் வேண்டாம் என்று இருக்கிறார். யாருடைய சொல்லைக் கேட்பது, டெஸ்ட் எப்படி இருக்கும், யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாவுக்குப் போவதற்கு முன் எல்லாம் முடியுமா என்பவை உங்கள் கேள்விகள்.

நான் டொக்டர் இல்லை. அந்த டெஸ்ட் செய்யும் அறையில் பல வருடம் வேலை செய்து ஓய்வு பெற்ற தாதி. அதனால் மெஷினைப் பற்றி எனக்குத் தெரியும், மெஷினுக்கு முன்னால் பெண்கள் எப்படி இருப்பார்கள் என்பது அதைவிட நன்றாகத் தெரியும்.

இரண்டு டொக்டர்மாரும் பிழை சொல்லவில்லை. அவர்களுடைய காதில் விழுந்த கதைதான் வேறு வேறு என்று நினைக்கிறேன். நீங்கள் எழுதியதன் கடைசியில், ஏதோ மறந்துபோய்ச் சேர்த்ததுபோல ஒரு வரி இருக்கிறது: ‘சில நாளில் வெளியே போய்விட்டு வந்து கிறில் கதவுக்குத் திறப்பைப் போடும்போதே அம்மாவுக்குப் போய்விடுகிறது, உடுப்பு முழுக்க நனைந்துவிடும்.’ என் கண் அங்கேதான் நின்றது. இந்த வரியை இரண்டாவது டொக்டரிடம் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் அவர் ‘நேரே செய்யலாம்’ என்று சொல்லியிருக்கமாட்டார் என்பது என் ஊகம்.

கசிவு என்று நாங்கள் ஒரே சொல்லால் சொல்வது இரண்டு வருத்தங்கள். ஒன்று, வாசர் தேய்ந்த பைப் போன்றது. சலக்குழாயைத் தாங்கிப் பிடிக்கும் தசையும் சவ்வும் பிள்ளைப்பேற்றாலும் வயதாலும் தளர்ந்திருக்கும். இருமல், தும்மல், பாரம் தூக்குவது என்று வயிற்றுக்குள் அமுக்கம் ஏறும்போது அந்தக் கணத்தில் மட்டும் கொஞ்சம் சிந்தும். மற்றது பைப்பின் பிழையல்ல, தண்ணீர்த் தாங்கியின் பிழை. சலப்பை நாங்கள் உத்தரவு கொடுக்கும்வரை பேசாமல் இருக்க வேண்டிய தசை. அது கேளாமல் தானாகவே இறுகினால், முட்டுகிறது என்று உணர்ந்து எழும்புவதற்குள் போய்விடும், அதுவும் நிறையப் போகும். வீட்டு வாசலில் திறப்பைப் போடும்போது, தண்ணீர்ச் சத்தம் கேட்கும்போது, குளிர்ந்த தரையில் கால் வைக்கும்போது வருவது இந்த இரண்டாவது வகை. பல பெண்களுக்கு இரண்டும் கலந்திருக்கும். உங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான் தெரிகிறது.

ஸ்லிங் ஒப்பரேஷன் சரிசெய்வது வாசரை மட்டும். சலக்குழாய்க்குக் கீழே ஒரு நாடாவை ஊஞ்சல்போலக் கட்டிவிடுவார்கள், இருமும்போது குழாய் அதில் பட்டு மூடிக்கொள்ளும். தாங்கி தானாக இறுகுவதை அந்த நாடா நிறுத்தாது. சிலருக்கு அந்த அடக்க முடியாத அவசரம் குறைகிறது, சிலருக்கு அப்படியே இருக்கிறது, சிலருக்குக் கூடவும் செய்கிறது. ஏற்கெனவே சலப்பை பலவீனமாக இருப்பவருக்கு நாடாவை இறுக்கிக் கட்டினால் சலம் போகாமல் நின்றுவிடலாம். கசிகிறது என்று போனவர், போகவில்லை என்று டியூப்போடு வீட்டுக்கு வந்த கதை உண்டு. ஒப்பரேஷனுக்கு முன் டெஸ்ட் என்ற எண்ணமே இந்தப் பயத்திலிருந்து வந்ததுதான்.

அப்படியென்றால் எல்லாருக்கும் செய்துவிட்டால் என்ன? ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தோம். பிறகு அதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2012இல் நியூ இங்கிலண்ட் ஜேர்னல் ஒஃப் மெடிசின் சஞ்சிகையில் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. ஒப்பரேஷனுக்கு வந்த 630 பெண்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு டொக்டரின் அறையில் நடக்கும் சாதாரணப் பரிசோதனை மட்டும், மறுபாதிக்கு அதோடு யூரோடைனமிக்ஸும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் டெஸ்ட் செய்தவர்களில் 76.9 வீதமானவர்களுக்கும், செய்யாதவர்களில் 77.2 வீதமானவர்களுக்கும் சிகிச்சை பலித்திருந்தது. அதாவது வித்தியாசமே இல்லை. டெஸ்ட் செய்ததால் சிலருடைய வருத்தத்தின் பெயர் மாறியது உண்மை. ஆனால் தெரிவு செய்த சிகிச்சையிலும் கடைசிப் பலனிலும் சொல்லத்தக்க மாற்றம் வரவில்லை. உங்கள் இரண்டாவது டொக்டர் இதை மனதில் வைத்துத்தான் பேசியிருப்பார்.

ஆனால் அந்த 630 பேரும் யார் என்று பார்க்க வேண்டும். இருமும்போது கசிவதுதான் அவர்களுடைய பிரதான முறைப்பாடு. டொக்டர் ‘இருமுங்கோ’ என்று சொல்லித் தன் கண்ணாலேயே கசிவைப் பார்த்திருந்தார். சலம் போன பிறகு உள்ளே தங்கியது 150 மில்லிலீற்றருக்குக் குறைவு. முன்பு கசிவுக்காக ஒப்பரேஷன் செய்தவர்கள் அதில் இல்லை. தேர்ந்தெடுத்த, சிக்கலில்லாத ஆட்கள். இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதே கோட்டில்தான் போகிறது. கதையிலும் பரிசோதனையிலும் இருமல் கசிவு என்று தெளிவாகத் தெரிந்தால் முதல் ஒப்பரேஷனுக்கு முன் இந்த டெஸ்டைச் செய்யாதீர்கள் என்கிறது. அவசரம் கூடுதலாக இருந்தால், எந்த வகை என்று பிடிபடாமல் இருந்தால், சலம் போவதில் தடங்கல் இருந்தால், கர்ப்பப்பையோ சலப்பையோ கீழிறங்கியிருந்தால், முன்பு கசிவுக்கு ஒப்பரேஷன் செய்திருந்தால், அப்போது செய்யுங்கள் என்கிறது. டெஸ்டின் விடை எதுவாக இருந்தாலும் செய்யப்போவது ஒன்றுதான் என்றால், அந்த விடைக்காக ஒரு பெண்ணின் காலை அகட்டி வைக்கத் தேவையில்லை. இது என் சொந்த அபிப்பிராயமும்.

உங்கள் அம்மாவின் விடயத்தில் விடை மாறினால் செய்வதும் மாறும். கிறில் கதவுக் கதை ஒரு காரணம். 12 வருடச் சீனி இன்னொரு காரணம். காலின் நரம்பை மரக்கச் செய்வதுபோலவே சீனி சலப்பையின் நரம்பையும் மரக்கச் செய்யும். நிரம்பியது தெரியாது, முழுவதும் வெளியேறாது, மிச்சம் தேங்கி நிற்கும், இருமினால் அந்தத் தேக்கம் வழியும். வெளியிலிருந்து பார்த்தால் அதுவும் ‘இருமும்போது கசிகிறது’தான். இப்படிப்பட்டவருக்கு நாடா கட்டுவது எவ்வளவு பிழை என்று பாருங்கள்.

ஆனால் நாளைக்கே டெஸ்டுக்கு ஓடச் சொல்லவில்லை. அதற்கு முன் செய்ய வேண்டிய, பெரிய செலவில்லாத நாலு வேலை இருக்கிறது. பாதிப் பேருக்கு யாரும் அவற்றைச் செய்வதில்லை என்பதுதான் எனக்கு எப்போதும் உள்ள மனக்குறை.

முதலாவது கொப்பி. ஒரு பழைய அளவு ஜக்கை ரொய்லெற்றில் வையுங்கள். மூன்று நாள், காலை எழும்பியதிலிருந்து அடுத்த நாள் காலை வரை, அம்மா எத்தனை மணிக்கு எவ்வளவு போனார், எத்தனை மணிக்கு என்ன குடித்தார், எப்போது கசிந்தது, கசிந்தபோது என்ன செய்துகொண்டிருந்தார் என்று எழுதச் சொல்லுங்கள். அளக்க வெட்கப்படுவார். மருந்து அளப்பதுபோலத்தான் இதுவும் என்று சொல்லுங்கள். ஒரு நாளைக்குப் பதினாலு தடவை போகிறார், ஒவ்வொரு முறையும் 80 மில்லிலீற்றர்தான் என்றால் அது அவசரப்படும் சலப்பை. பதினாலு தடவையும் 300, 400 என்று போனால் பிழை சலப்பையில் இல்லை, சீனி கட்டுப்பாட்டில் இல்லை அல்லது அளவுக்கு மிஞ்சிக் குடிக்கிறார். பகலில் ஒன்றுமில்லை, இரவில்தான் நிறையப் போகிறது என்றால் காலில் தேங்கும் நீரையும் இதயத்தையும் பார்க்க வேண்டும். டொக்டரிடம் போகும்போது அந்தக் கொப்பியைக் கையில் கொடுங்கள். பத்து நிமிடக் கதையைவிட அது கூடச் சொல்லும். ஒரு அம்மா எழுதிக்கொண்டு வந்த கொப்பியில் ஒரு நாளைக்கு ஒன்பது பிளேன்டீ இருந்தது. தேத்தண்ணியைக் குறைத்தே அவருடைய அவசரம் பாதியாகியது.

இரண்டாவது சலப் பரிசோதனை. கிருமி இருந்தால் அவசரமும் கசிவும் அதனாலேயே வரலாம். கிருமியோடு யூரோடைனமிக்ஸ் செய்யவும் கூடாது.

மூன்றாவது, சலம் போன கையோடு ஒரு ஸ்கான். உள்ளே எவ்வளவு தங்குகிறது என்று பார்ப்பார்கள். வயிற்றுக்கு மேலால் வைத்துப் பார்ப்பதுதான், டியூப் இல்லை, நோவில்லை. சீனிக்காரருக்கு இதைப் பாராமல் ஒப்பரேஷன் பற்றிக் கதைப்பதே சரியில்லை.

நாலாவது மருந்துப் பை. அம்மா குடிக்கும் எல்லாக் குளிசைகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். பிரஷருக்கு எனலாபிரில் போன்ற ஒன்று குடிக்கிறாரா? அந்த வகைக் குளிசைகள் சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தரும். இருமல் குறைந்தால் இருமல் கசிவும் குறையும். டொக்டர் லொசாட்டன் போன்ற வேறொன்றுக்கு மாற்றிக் கொடுக்கலாம். சீனிக்கு எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்றவை குடித்தால் அவை சீனியைச் சலத்தோடு வெளியேற்றும், சலம் கூடப் போகும். காலில் நீர் வற்ற ஃபுருசமைட் குடித்தால், எந்த நேரத்தில் குடிப்பது என்பதைக் கேட்டு மாற்றலாம். ஒன்றையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், இதய நோயாளிகள் நிறுத்திவிட்டு வந்து பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

இனி, கொழும்பில் இருக்கிற எங்களுக்கு மட்டும் உள்ள ஒரு கரைச்சல். மேலே சொன்ன எல்லாம் அம்மாவின் வாயிலிருந்து வரும் கதையை நம்பியே இருக்கிறது. ஆனால் அந்தக் கதையை யார், எந்த மொழியில், யாருக்கு முன்னால் சொல்கிறார்? கிளினிக்கில் பத்துப் பேர் நிற்பார்கள், டொக்டர் சிங்களத்தில் கேட்பார், கூட வந்த மகன் மொழிபெயர்ப்பான். அம்மா மகனுக்கு முன்னால் ‘உடுப்பு முழுக்க நனைகிறது’ என்று சொல்வாரா? ‘இருமேக்க கொஞ்சம்’ என்பார். அவன் அதையும் சுருக்கி ஒரு சொல்லில் சொல்லுவான். நானே ஆரம்ப காலத்தில் ஒரு மகனை மொழிபெயர்க்க வைத்து, அந்தத் தாய் கேட்ட எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று தலையாட்டியதை அப்படியே எழுதி அனுப்பினேன். டெஸ்ட் முடிந்து உடுப்பு மாற்றும்போது, மகன் வெளியே போன பிறகு, என் கையைப் பிடித்துக்கொண்டு முழுக் கதையையும் தமிழில் சொன்னார். எழுதியதைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். அதற்குப் பிறகு எந்த மகனையும் அந்த அறைக்குள் விட்டதில்லை.

ஆகவே நீங்களே போங்கள், அண்ணாவை அனுப்ப வேண்டாம். நாங்கள் ‘சலம்’ என்று சொன்னால் சிங்களம் மட்டும் தெரிந்த தாதிக்கு விளங்காது, ‘மூத்திரம்’ என்றால் உடனே விளங்கும், சிங்களத்திலும் அது ‘முத்ரா’தான். இருமலுக்கு ‘கெஸ்ஸ’. முடிந்தால் முதல் நாளே கிறில் கதவுக் கதை, இரவில் எத்தனை முறை எழும்புகிறார், முக்கிப் போக வேண்டியிருக்கிறதா, போன பிறகும் மிச்சம் இருப்பதுபோல இருக்கிறதா, கீழே ஏதும் இறங்குவதுபோல இருக்கிறதா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

இனி அம்மா பயப்படும் டெஸ்ட். உள்ளபடியே சொல்கிறேன், அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

ஓரளவு முட்டிய நிலையில் வரச் சொல்வார்கள். சேலை வேண்டாம், ஹவுஸ்கோட்டோ லேசான பாவாடையோ உடுத்தி வருவது சுகம். முதலில் அடியில் புனல் பூட்டிய ஒரு கதிரைக் கொமட்டில், கதவைச் சாத்திவிட்டு, தனியே இருந்து போகச் சொல்வார்கள். கீழே உள்ள கருவி, சலம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று கோடு கீறும். தடங்கல் இல்லாதவருக்கு அது மணியைக் கவிழ்த்து வைத்ததுபோல ஏறி இறங்கும். அடைப்போ பலவீனமோ இருந்தால் தட்டையாகவோ விட்டு விட்டோ போகும். 150 மில்லிலீற்றராவது போனால்தான் அந்தக் கோட்டை நம்பலாம், ஆகவே வெட்கத்தில் வீட்டிலேயே போய்விட்டு வர வேண்டாம்.

பிறகுதான் கட்டில். சலக்குழாய் வழியாக ஒரு மெல்லிய டியூப், 2 மில்லிமீற்றர் அளவு, போல்பொயின்ற் பேனைக்குள் இருக்கும் மைக்குழாயைவிட மெல்லியது. போடும்போது ஒரு சுள்ளென்ற எரிவு, அரை நிமிடம். பிள்ளைப்பேற்றோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை என்று நான் சொன்னால் ‘உங்களுக்கு என்ன, சொல்லுவீங்கள்’ என்பார்கள், ஆகவே அப்படிச் சொல்வதை விட்டுவிட்டேன். எரியும், பிறகு அடங்கும். இன்னொரு டியூப் மலவாசலில், சில இடங்களில் யோனியில். அது எதற்கு என்று எல்லாரும் கேட்பார்கள். இருமும்போது வயிறு முழுக்க அமுக்கம் ஏறும், சலப்பைக்குள்ளும் ஏறும். சலப்பை தானாக இறுகினால் அதற்குள் மட்டும் ஏறும். இரண்டு இடத்திலும் அளந்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால்தான், ஏறியது வயிறா சலப்பையா என்று பிரித்துச் சொல்லலாம். டெஸ்டின் சூட்சுமம் முழுக்க அந்தக் கழித்தலில்தான் இருக்கிறது.

பிறகு உப்பு நீரை மெதுவாக ஏற்றுவார்கள். மெதுவாக என்றாலும் நிமிடத்துக்கு 50 மில்லிலீற்றர் அளவில் போகும். எங்கள் சிறுநீரகம் நிமிடத்துக்கு ஒன்று இரண்டு மில்லிலீற்றர்தான் செய்கிறது, ஆகவே சலப்பைக்கு இது திடீர் மழை. ஏற்றும்போது மூன்று கேள்வி கேட்பார்கள்: இருப்பது தெரிகிறதா, போகலாம்போல இருக்கிறதா, முட்டுகிறதா. மயக்க மருந்து கொடுக்காததற்கு இதுதான் காரணம். அம்மா முழித்திருந்து பதில் சொல்ல வேண்டும். மரியாதைக்காக அடக்கிக்கொண்டு ‘இல்லை, இல்லை’ என்று இருக்கக் கூடாது, முட்டும்போது முட்டுகிறது என்று சொல்ல வேண்டும். சீனிக்காரர் சிலர் 500, 600 போன பிறகும் ஒன்றும் தெரியவில்லை என்பார்கள், அந்தப் பதிலே ஒரு விடை.

இடையிடையே இருமச் சொல்வார்கள், எழும்பி நின்று இருமச் சொல்வார்கள், தண்ணீர்ப் பைப்பைத் திறந்து சத்தம் கேட்க வைப்பார்கள், கையைக் கழுவச் சொல்வார்கள். கசியும். கசிய வேண்டும், அதற்காகத்தான் வந்திருக்கிறார். கீழே துவாயும் பிளாஸ்ரிக் விரிப்பும் போட்டிருக்கும். தரையில் ஊற்றிவிட்டு என்னிடம் மன்னிப்புக் கேட்காத பெண்ணை நான் கண்டதில்லை, அந்த அறையில் அது எங்களுக்குத் தண்ணீர் சிந்துவதுபோல. கடைசியில் டியூப்போடேயே கொமட்டில் இருந்து போகச் சொல்வார்கள், சலப்பை எவ்வளவு பலத்தோடு தள்ளுகிறது என்று பார்ப்பதற்கு. எல்லாம் சேர்த்து அரை மணி முதல் முக்கால் மணி.

டெஸ்ட் கதையை மாற்றிய ஒருவரை எனக்கு நினைவிருக்கிறது. ஆசிரியை, வகுப்பில் இருமினால் நனைகிறது என்று வந்தவர், ஒப்பரேஷனுக்கு நாளும் குறித்தாயிற்று. இருமச் சொன்னோம், ஒரு சொட்டும் இல்லை. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். இருமி நாலைந்து செக்கன் கழித்து, வயிற்றுக் கோடு படுத்திருக்க, சலப்பைக் கோடு மட்டும் மலைபோல எழுந்தது. பிறகுதான் வெள்ளம். இருமல் அவருடைய சலப்பையைத் தட்டி எழுப்பியிருக்கிறது, பைப்பில் பிழையில்லை. அவரைக் கேட்டால் ‘இருமினால் போகுது’ என்றுதான் சொல்வார், அவர் சொல்வது பொய்யுமல்ல. ஒப்பரேஷன் நின்றது, குளிசையும் சலப்பையைப் பழக்கும் பயிற்சியும் கொடுத்தார்கள்.

அதேநேரம் மெஷினைத் தெய்வமாக்கவும் வேண்டாம். வீட்டில் தினமும் நனைபவர் எங்கள் அறையில் பயத்தில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு சொட்டும் விடாமல் இருந்ததுண்டு. அவசரம் உள்ளவருக்கு அன்றைக்கென்று கோடு அமைதியாக இருக்கலாம். ஒரு முறைப்பாடும் இல்லாதவரின் கோடு துள்ளவும் செய்யலாம். ‘கசிவு காணப்படவில்லை’ என்ற ரிப்போர்ட்டைக் கொண்டுபோய் ‘பார், உனக்கு ஒன்றுமில்லை’ என்று மனைவியை ஏசிய கணவனையும் பார்த்திருக்கிறேன். அந்த வரியின் அர்த்தம், அன்று அந்த அரை மணியில் கசியவில்லை என்பது மட்டும்தான். டெஸ்ட் முடிய ‘வீட்டில் நடப்பதுபோலவே இங்கேயும் நடந்ததா?’ என்று கேட்பார்கள். இல்லை என்றால் இல்லை என்று அம்மா துணிந்து சொல்ல வேண்டும்.

போவதற்கு முன் சிலதைச் சொல்லிவையுங்கள். அவசரத்துக்கு டோல்டெரோடின், ஒக்சிபியூடினின் மாதிரிக் குளிசை குடித்தால் சில நாள் முன்பே நிறுத்த வேண்டுமா என்று டொக்டரிடம் கேட்க வேண்டும். சீனி, பிரஷர் மருந்தை அவர்கள் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. பெண் தாதி, பெண் டொக்டர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம், கேட்பதில் பிழையில்லை. முடிந்த பிறகு ஒன்றிரண்டு நாள் போகும்போது எரியும், லேசாகச் சிவப்பாகவும் இருக்கலாம், தண்ணீர் கூடக் குடித்தால் கழுவுப்படும். காய்ச்சல், நடுக்கம், இடுப்பு நோவு வந்தாலோ, சலம் போகாமல் நின்றாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஒப்பரேஷன் பற்றி ஒரு சொல். ஸ்லிங் என்றால் செயற்கை வலை நாடாவா, அம்மாவின் வயிற்றுச் சவ்விலிருந்து எடுக்கும் துண்டா என்று கேளுங்கள். செயற்கை நாடா 1990களில் சுவீடனில் உல்ஃப் உல்ம்ஸ்டன் கொண்டுவந்த முறை, உலகம் முழுக்கப் பரவியது, பலருக்கு நல்ல பலன் கொடுத்திருக்கிறது. ஆனால் சிலருக்கு நோவும் நாடா வெளியே அரித்து வருவதும் ஏற்பட்டதால் இங்கிலாந்தில் 2018 ஜூலையில் அதை நிறுத்தி வைத்தார்கள். பயப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை, கையெழுத்து வைக்கும்முன் அம்மாவுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். சலம் போகாமல் நின்றால் என்ன செய்வீர்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்று: இடுப்புத்தளத் தசைப் பயிற்சி. அம்மா செய்தாரா? நீங்கள் எழுதவே இல்லை, ஆகவே யாரும் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். காற்றையும் சலத்தையும் ஒருசேர அடக்குவதுபோல உள்ளே இழுத்து, சில செக்கன் பிடித்து, விட வேண்டும். ஒரு தடவைக்கு எட்டு முறையாவது, நாளுக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். வயிற்றை எக்குவதோ, மூச்சைப் பிடிப்பதோ, தொடையை நெருக்குவதோ இல்லை. பலர் இழுப்பதற்குப் பதிலாக முக்குகிறார்கள், அது இருப்பதையும் கெடுக்கும். ஆகவே ஒரு தடவையாவது ஃபிசியோதெரபிஸ்டிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும். சிலருக்கு இதோடேயே ஒப்பரேஷன் தேவையில்லாமல் போய்விடுகிறது. நிறை கூட என்றால் கொஞ்சம் குறைப்பதும் பலன் தரும். 2009இல் வந்த ஓர் ஆய்வில் உடல் நிறையில் 8 வீதம் குறைத்த பெண்களுக்குக் கசிவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது.

இப்போது நல்லூர். டெஸ்ட் மட்டும் என்றால் முன்பே செய்யலாம், இரண்டு நாளில் அம்மா வழமைபோல நடமாடுவார். ஒப்பரேஷனைத் திருவிழாவுக்கு முன் அவசரப்பட்டுச் செய்ய நான் சம்மதிக்கமாட்டேன். பிறகு சில கிழமை பாரம் தூக்கக் கூடாது, நீண்ட நேரம் பஸ்ஸில் குலுங்குவதும் நல்லதல்ல. இது உயிர் போகும் வருத்தமில்லை, மூன்று மாதம் பொறுக்கலாம். இந்தக் கிழமையே கொப்பியைத் தொடங்குங்கள், அடுத்த கிளினிக்கில் சலப் பரிசோதனையும் ஸ்கானும் கேளுங்கள், பயிற்சியைப் பழகட்டும். திருவிழா முடிந்து வந்த பிறகும் கிறில் கதவடியில் நனைந்தால், அல்லது ஸ்கானில் மிச்சம் கூடத் தெரிந்தால், முதல் டொக்டர் சொன்ன டெஸ்டைச் செய்துவிட்டே ஒப்பரேஷன் பற்றிக் கதையுங்கள். இரண்டும் இல்லை, இருமல் கசிவு மட்டும்தான் மிச்சம், அதை டொக்டர் கண்ணால் பார்த்தும்விட்டார் என்றால், இரண்டாவது டொக்டர் சொன்னதுபோல டெஸ்ட் இல்லாமலே போகலாம்.

பயணத்துக்கு ஒன்று. இரவு பஸ்ஸில் ஏற வேண்டும் என்று முதல் நாளே தண்ணீரை நிறுத்தும் பழக்கம் அம்மாவுக்கும் இருக்கும். அது வேண்டாம். சலம் தடித்தால் சலப்பை இன்னும் எரிந்து அவசரப்படும், சீனிக்காரருக்குக் கிருமியும் சுலபமாகப் பிடிக்கும். பகல் முழுக்க அளவாகக் குடிக்கட்டும், ஏறுவதற்கு இரண்டு மணித்தியாலம் முன்பு தேத்தண்ணியை மட்டும் நிறுத்தட்டும். நடைபாதைப் பக்கத்துச் சீட்டைப் பிடித்துக் கொடுங்கள், பஸ் எங்கே நிற்கும் என்று கொண்டக்டரிடம் முதலே கேட்டுவையுங்கள்.